நூலாக வந்த தண்ணீர்

சமையலறைக் குழாயில் இரண்டு வாரமாகத் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. ஒரு குடம் நிரம்புவதற்குள் நான் எல்லாரையும் திட்டி முடித்திருப்பேன். மோட்டார் போச்சு, பைப் அடைச்சிருச்சு, சுவரை உடைக்கணும் என்று மனசுக்குள் செலவுக் கணக்கு வேறு.

பிளம்பரைக் கூப்பிடப் போன நேரத்தில்தான் உறைத்தது: குளியலறைக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தானே கொட்டுகிறது? அப்படியென்றால் கோளாறு இந்த ஒரு குழாயில்தான். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம்!

குழாய் முனையில் இருந்த சின்னச் சல்லடையைத் துணி சுற்றித் திருகிக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு, கூடவே மணல். வினிகரில் போட்டதும் நுரைத்தது. அது கால்சியம் படிவு, அமிலத்தில் கரையும். அரைமணி நேரம் ஊறவிட்டுப் பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். ரப்பர் வாஷரை மறக்காமல் வைத்து மறுபடி மாட்டினேன்.

திறந்தால் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. மூடத் தோன்றவில்லை, கையை நீட்டியபடி நின்றேன். இத்தனை வருஷம் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது, ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பிறகு, வீணாகிறதே என்று குடத்தை எடுத்து அடியில் வைத்தேன்.