வேலூரில் இரண்டு இரவு: கோட்டைப் பக்கம் தங்கி ஊரைப் பார்க்க

வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் பலர் வேலூரைப் பாதி நாளில் முடித்துவிடுகிறார்கள். சென்னையில் கார் பிடித்து, ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்து, நெடுஞ்சாலை ஓட்டலில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இந்த ஊருக்கு அது போதாது. கோட்டைக்கு நடந்தே போகும் தூரத்தில் ஒரு லாட்ஜ் எடுத்து இரண்டு இரவு தங்குங்கள். வெயிலுக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் சுற்றினால்தான் வேலூர் பிடிபடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலும் ஜனவரிக்குள் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டி வராதீர்கள். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலோடு கோட்டைக் கருங்கல்லின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து சுமார் 140 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 210 கி.மீ. ரயிலில் வருவதுதான் சுகம். ஆனால் இறங்க வேண்டிய நிலையம் காட்பாடி சந்திப்பு. வேலூர் கன்டோன்மென்ட் என்று ஒரு நிலையம் உண்டு. அது விழுப்புரம் பாதையில் இருப்பதால் சென்னை–பெங்களூர் ரயில்கள் அங்கே போகாது. ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடிவிட்டு, வண்டியே இல்லை என்று கார் பிடிப்பவர்கள் உண்டு. வந்தே பாரத், சதாப்தி, பிருந்தாவன், லால்பாக் எல்லாம் காட்பாடியில் நிற்கும். சென்னை விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே சென்ட்ரல் வந்துவிடலாம். அங்கிருந்து காட்பாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

காட்பாடியிலிருந்து பழைய வேலூர் ஏழெட்டு கி.மீ.; பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வர வேண்டும். ஆட்டோவில் ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள், பெட்டிகளுக்கும் சேர்த்தே பேசுங்கள். சுமை குறைவாக இருந்தால் பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி சி.எம்.சி. மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கலாம். வெளியூர் பஸ்கள் நெடுஞ்சாலை ஓரத்துப் புதிய பஸ் நிலையத்துக்கு வரும். கோட்டைப் பக்கம் இருப்பது பழைய பஸ் நிலையம். ஆட்டோக்காரரிடம் எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அறை எடுக்கும்போது

பழைய வேலூரின் லாட்ஜ்கள் பெரும்பாலும் சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வளர்ந்தவை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எல்லாம் வருகின்றன. அதனால் ஐடா ஸ்கடர் சாலை, காந்தி சாலை, பாபுராவ் தெரு வட்டாரத்தில் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்ப்பீர்கள். வரவேற்பறைப் பையன் இந்தியில் ஆரம்பித்தால் தயங்காமல் தமிழில் பேசுங்கள். அந்த நிமிடமே பேச்சு மாறும். திங்கள் காலை ஓ.பி.க்கு வருபவர்கள் ஞாயிறே வந்து இறங்குவார்கள். அன்றைக்கு முன்பதிவில்லாமல் வராதீர்கள். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் சேர்க்கை நாட்களிலும் பெற்றோர் கூட்டம் அதிகம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் விவரம் பதிய வேண்டும். லாட்ஜ்களில் இதை ‘சி பாரம்’ என்பார்கள். அதற்கான கணக்கு இல்லாத சிறிய லாட்ஜ், செயலியில் உங்கள் பணத்தை வாங்கியிருந்தாலும் வாசலில் மறுத்துவிடும். உங்கள் பெயரையும் முகத்தையும் பார்த்து உள்ளூர்க்காரர் என்று நினைத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டை நீட்டிய பிறகே சிக்கல் தெரியும். ஆகவே முதல் நாளே போன் போட்டு, “பாரின் பாஸ்போர்ட்டுங்க, சி பாரம் போடுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். வங்கதேச நோயாளிகள் தங்கும் லாட்ஜ்களுக்கு இது அன்றாட வேலை. பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை ஆகியவற்றில் ஆளுக்கு இரண்டு நகல் கையில் இருக்கட்டும். இந்தியாவுக்குள் வந்த தேதி, எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்றும் கேட்பார்கள்.

அடுத்த கேள்வி, “24 மணி நேரமா, 12 மணி செக்-அவுட்டா?” விடிகாலை ஐந்துக்கு வந்து இறங்குபவர், பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க வேண்டிவரும். ஜெனரேட்டர் ஏ.சி.க்கும் ஓடுமா, விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டுமா என்றும் கேளுங்கள். வெந்நீர் பல லாட்ஜ்களில் காலையில் சில மணி நேரம் மட்டும்தான். சாலையைப் பார்த்த அறை வேண்டாம்; ஆம்புலன்ஸும் ஹாரனும் இரவு முழுக்கக் கேட்கும். குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கக் கேன் தண்ணீர் சொல்லுங்கள். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் சார்ஜரின் சதுர முள் இங்கே எல்லா சாக்கெட்டிலும் நுழையாது. மாற்றி ஒன்று கொண்டு வாருங்கள்.

பக்கத்து அறையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரோ, முடித்துவிட்டு வந்தவரோ இருக்கலாம். கல்யாண வீடு போல வராந்தாவில் கூடிப் பேசாதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சில்லறை நோட்டாகப் பணம் வேண்டும். தள்ளுவண்டியில்கூட கியூ.ஆர். அட்டை தொங்கும், வெளிநாட்டு வங்கி அட்டை அங்கே உதவாது. போன தடவை மிஞ்சியதென்று பீரோவில் இருக்கும் நோட்டுகளைப் பாருங்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016-இலேயே செல்லாதவை ஆகிவிட்டன. 2000 ரூபாய் நோட்டை 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள், கடைகளில் வாங்கமாட்டார்கள்.

முதல் காலை: கோட்டை

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்கெல்லாம் அகழிப் பாலத்தைக் கடந்துவிடுங்கள். முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயில், ஏனென்றால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். பிறகு மதில், மாதா கோயில் என்று சுற்றிவிட்டு, பத்து மணி வாக்கில் அருங்காட்சியகத்துக்குள் போனால் வெயில் ஏறும் நேரத்தில் நிழலில் இருப்பீர்கள்.

கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள் கட்டியது. சுமார் 133 ஏக்கர். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வது பெரியவர்கள் வழக்கம். முதலாவது இப்போது பொருந்தாது. படையெடுப்புகளுக்குப் பின் பல தலைமுறைகளாக வழிபாடின்றி, ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காகவும் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில், சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். உங்கள் தாத்தா பாட்டி சொன்ன வேலூரில் பூஜை இருந்திருக்காது. இப்போது பூஜை மணியோசை கேட்கும்.

ராஜகோபுரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். பலர் மூலவரைப் பார்க்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரமாவது இங்கே செலவிடுங்கள். முன்வரிசைத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் வீரர்களுமாக ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சேணத்தின் மணிகளையும் கடிவாளத்தின் பின்னலையும் கிட்டத்தில் நின்று பாருங்கள். பிறகு அண்ணாந்து விதானத்தைப் பாருங்கள்: நடுவில் விரிந்த தாமரை, அதைச் சுற்றி வட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் கிளிகள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது செதுக்கலின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். பத்து மணிக்கு மேல் கல்தரை காலைச் சுடும், பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று கேட்டுப் போவார்கள். காவலர் பயிற்சிப் பள்ளியும் அரசு அலுவலகங்களும் உள்ளே இயங்குவதால் எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். காவலர் கூடாது என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியையும் தாடியையும் தடை செய்த உத்தரவும் காரணம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி வந்து அடக்கினார். அதன் நினைவுத்தூண் கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்பில் இருக்கிறது.

மாலை: கண்டி மன்னன்

பதினொன்றிலிருந்து நாலு வரை அறையில் படுத்திருங்கள். மாலையில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு ஆட்டோவில் போகலாம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் கல்லறை அது. கண்ணுசாமி என்பது அவர் இயற்பெயர். 1815-இல் பிடிபட்டு, 1816-இல் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்தார். இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. “முத்து மண்டபம்” என்று கேட்டால் தெரியாத ஆட்டோக்காரரிடம் “கண்டி ராஜா சமாதி” என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் நாள்

நாள் வாடகைக்குக் கார் எடுக்கும்போது கிலோமீட்டர் வரம்பு, டிரைவர் பேட்டா, சுங்கம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. காணிப்பாக்கம், திருப்பதி போகும் எண்ணம் இருந்தால் பெர்மிட் பற்றி முன்பே பேச வேண்டும், எல்லையில் போய்ப் பேசக் கூடாது.

இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

மேற்கே போனால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில், பெங்களூர்ச் சாலையில் 15 கி.மீ.க்குள். விரிஞ்சிபுரம் மதிலழகு என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. வெளிப் பிரகாரத்தில் காலம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. மேகம் மூடிய நாளில் பார்க்க முடியாது. அங்கிருந்து ஆம்பூர் போய் மதியம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். ஒரு மணிக்கு முன் போய்விடுங்கள். திரும்பும் வழியில் மாலை ஸ்ரீபுரம். 2007-இல் குடமுழுக்கான இந்தக் கோயிலில் நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றேமுக்கால் கி.மீ.க்கு மேல் நடக்க வேண்டும். அரைக்கால் சட்டை, லுங்கிக்கு அனுமதி இல்லை. போனையும் கேமராவையும் வாசலில் ஒப்படைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று நுழைவிலேயே விசாரியுங்கள்.

வடக்கே போனால் வள்ளிமலை. வள்ளி பிறந்த மலை என்பதால் மலேசிய, சிங்கப்பூர் முருக பக்தர்களுக்கு இதுதான் முதலிடம். அதே மலையில் கங்க மன்னர் காலச் சமணச் சிற்பங்களும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழி கேட்டுப் போய்ப் பாருங்கள். படியேற்றத்தை எட்டு மணிக்குள் முடியுங்கள். பக்கத்தில் மேல்பாடி. அங்குள்ள அரிஞ்சிகை ஈச்வரம், ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சய சோழனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்டால் சாவி வைத்திருப்பவரைக் காட்டுவார்கள். திரும்பும்போது சம்பந்தர் பாடிய திருவல்லம். அங்கே நந்தி சிவனைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். சோளிங்கர் நரசிம்மரையும் சேர்க்க விரும்புபவர்களுக்கு 2024 முதல் ரோப் கார் இருக்கிறது, 1,305 படி ஏற வேண்டியதில்லை.

பழைய காகிதத்தோடு வருபவர்களுக்கு

மலாயா போன தாத்தாவின் காகிதத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்றிருந்தால் வேலூரில் வந்து தேடுவதில் பாதி வீண். அந்த மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. தாலுகா பெயரைப் பாருங்கள். குடியாத்தம் என்றால் வேலூர். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செங்கம் என்றால் திருவண்ணாமலை. பட்டா, வில்லங்கச் சான்று போன்றவற்றை அரசு இணையதளங்களிலேயே பார்க்கலாம். சர்வே எண்ணும் கிராமப் பெயரும் வேண்டும். அவை இல்லையென்றால் குலதெய்வத்தின் பெயரையும் கோயில் இருக்கும் ஊரையும் வீட்டுப் பெரியவர்களிடம் எழுதி வாங்கி வாருங்கள். கிராமத்தில் வி.ஏ.ஓ.வைவிட (கிராம நிர்வாக அலுவலர்) அந்தக் கோயில் பூசாரியிடம் உறவுமுறை விவரம் சீக்கிரம் கிடைக்கும். வேலூர் கலெக்டர் ஆபீஸ் சத்துவாச்சாரியில் இருக்கிறது. சனி, ஞாயிறு போய் நிற்காதீர்கள்.

கிளம்பும் நாள்

ஆற்காடு மக்கன் பேடாவைக் கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வைத்துப் பொரித்து, பாகில் ஊறப்போடுவார்கள். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை, ஆஸ்திரேலியாவிலும் கெடுபிடி. ஆகவே இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், சென்னை உறவினர்களுக்கு வேண்டுமானால் பாகை நன்றாக வடித்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். காட்பாடி ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே லாட்ஜை விட்டுக் கிளம்புங்கள். காலையும் மாலையும் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அந்த ஏழெட்டு கி.மீ. முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.