புது பாப் பேண்ட்: முதலில் தோற்றமா, வாசிப்பா?

தோற்றம் முதல் தடவை ஆளைக் கூட்டும். அதே ஆள் மறுபடி வருவது பாட்டுக்காகத்தான். ஆகவே உழைப்பின் வரிசை முக்கியம்: முதலில் செட் (மேடையில் தொடர்ந்து வாசிக்கும் பாட்டு வரிசை), பிறகு உடை, கடைசியில் போட்டோ.

பீட்டில்ஸுக்கும் இந்த வரிசைதான். 1960 முதல் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவிரவாக வாசித்துத் தேறிய பிறகே, 1961 நவம்பரில் பின்னாளில் மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் அவர்களைப் பார்த்தார். தோல் ஜாக்கெட் போய் சூட் வந்ததும், மேடையில் தின்பதும் புகைப்பதும் நின்றதும் அதற்குப் பிறகு. சூட் போட்ட பின்னும் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ட்ரம்ஸில் குறை கண்டார். 1962 ஆகஸ்டில் ட்ரம்மர் மாறினார்.

முதல் இலக்கு 30 நிமிட செட். மூன்றரை நிமிடப் பாட்டுகள் ஏழு போதும். மீதி ஐந்தரை நிமிடம் ட்யூனிங்குக்கும் பேச்சுக்கும் போய்விடும். ரிகர்சல் முழுவதையும் போனில் பதியுங்கள். ட்ரம்ஸிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, காதின் உயரத்தில் போனை வையுங்கள்; கிட்டே வைத்தால் சிம்பலில் குரல் அமுங்கிவிடும். மறுநாள் மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டும் கருவி) வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும், பல்லவி போலத் திரும்ப வரும் கோரஸுக்கு முன் ட்ரம்மர் உருட்டும் ஃபில்லில்தான் வேகம் ஓடும். அந்த இடத்தின் எட்டு பாரை (தாளச் சுற்றை) மட்டும் நிமிடத்துக்குப் பத்து பீட் குறைத்துத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். பாடகர் முதல் பாட்டில் எட்டிய உச்ச ஸ்வரம் ஆறாவது பாட்டில் இழுபறியானால் ஸ்ருதியை அரைக் கட்டை இறக்குங்கள். கிட்டாரிஸ்ட் முணுமுணுப்பார், பரவாயில்லை.

அடுத்தது சோதனை. பழக்கமில்லாத ஐந்து பேருக்கு ஒலியை மட்டும் கொடுங்கள். மறுநாள் எந்தக் கோரஸ் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். வேறு ஐந்து பேருக்கு ஒலியை அணைத்து வீடியோவைக் காட்டி, இது என்ன மாதிரி இசை என்று கேளுங்கள். முதல் கூட்டம் விழித்தால் உடைக்குக் காசு போடாதீர்கள், பாட்டைத் திருத்துங்கள். இரண்டாவது கூட்டம் மட்டும் விழித்தால் இப்போது தையல்காரரிடம் போகலாம்.

உடைக்கு இரண்டு நிறம் போதும், ஆளுக்கொரு தனி அடையாளம் இருக்கட்டும். மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும். கறுப்புத் திரைக்கு முன் கறுப்பு உடை போட்டால் தலைகள் மட்டும் மிதக்கும். புது ஷூவை இரண்டு ரிகர்சலிலாவது போட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள்.

ஆடிக்கொண்டே பாடினால் நீண்ட ஸ்வரத்தில் மூச்சு உடையும். அந்த வரியில் ஆட்டத்தை நிறுத்துங்கள், அல்லது வரியை இன்னொருவருக்குக் கொடுங்கள். சேர்ந்திசைக் குரல்கள் முன்பே பதிந்த ட்ராக்கில் இருக்கலாம். முதன்மைக் குரல் ஒருபோதும் வேண்டாம். மில்லி வனில்லி என்ற பாப் ஜோடிக்கு 1989-இல் மேடையிலேயே ட்ராக் சிக்கிக்கொண்டது. தாங்கள் பாடவே இல்லை என்பது வெளிப்பட்டு 1990-இல் கிராமி விருதும் பறிபோனது.

போட்டோவை மேடையில் பழகிய உடையில் எடுங்கள். எடுத்ததைப் போன் திரையில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எத்தனை பேர், பாடுபவர் யார் என்று தெரியவில்லை என்றால் இன்னும் நெருங்கி நின்று மறுபடி எடுங்கள்.