லண்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பொலிஸாரும் நாங்களும்

இலங்கையிலிருந்து வந்து லண்டனில் குடியேறும் ஒருவர் முதலில் கைவிட வேண்டியது, வெளியே இறங்கும்போதெல்லாம் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கம். இங்கே அதைக் கொண்டு திரிய வேண்டும் என்ற சட்டம் இல்லை. நடந்து போகிறவரைப் பொலிஸார் மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லாமல் போகவும் பொதுவாக உரிமை உண்டு. வாகனம் ஓட்டுபவரின் நிலை வேறு: பொலிஸார் கைகாட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இல்லாவிட்டால், ஏழு நாட்களுக்குள் பொலிஸ் நிலையத்தில் காட்டும்படி சொல்லலாம்.

உடலையோ பையையோ சோதிப்பதற்கு, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருட்டுப் பொருளோ ஆயுதமோ இருப்பதாக ஐயுற நியாயமான காரணம் வேண்டும். தோற்றமும் நிறமும் மட்டும் அந்தக் காரணமாகா. சோதனைக்கு முன் அதிகாரி தம் பெயரையும் நிலையத்தையும், எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. சோதனைப் பதிவின் பிரதியை அப்போதே கேட்டு வாங்குங்கள், தவறினால் மூன்று மாதங்களுக்குள் கேட்கலாம். வன்முறை நடக்கக்கூடும் என்று அஞ்சப்படும் பகுதியில், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ், குறித்த சில மணி நேரத்திற்கு ஐயம் இல்லாமலேயே சோதிக்க அனுமதி வழங்கப்படுவதும் உண்டு. அந்த வேளையில் வாதிட்டுப் பயனில்லை; பதிவைக் கேட்பதே பயன் தரும்.

இந்த விதிகள் இருப்பதால் எல்லாம் நேராக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 1993இல் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்ட வழக்கின் விசாரணையை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை, லண்டன் பொலிஸில் நிறுவனரீதியான இனவாதம் இருப்பதாக 1999இல் கூறியது. 2023இல் லண்டன் பொலிஸை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கையும் அதையே மறுபடி சொன்னது. ஆகவே அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் அந்த அச்சத்தால் முறைப்பாடு செய்யாமல் விடுவதில் நட்டம் நமக்குத்தான்.

உயிருக்கு ஆபத்தென்றால் அல்லது குற்றம் நடந்துகொண்டிருந்தால் 999, மற்றவற்றுக்கு 101. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைக்க வசதி உண்டு. வாய் திறக்க முடியாத நிலையில் கைபேசியிலிருந்து 999ஐ அழைத்தவர், கேட்கும்போது 55ஐ அழுத்தினால் அழைப்பு பொலிஸாருக்கு மாற்றப்படும். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம்மவர் வீடுகளில் திருடர் தேடுவது தங்கம். பண்டிகைக் காலங்களில் பொலிஸாரே இதைப் பற்றி எச்சரிப்பதுண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா தாலிக்கொடியையும் மகளின் காப்புகளையும் அரிசி வாளிக்குள் பொலித்தீனில் சுற்றிப் புதைத்திருந்தார். வந்தவர்கள் வாளியைத்தான் முதலில் கவிழ்த்தார்கள். குசினித் தரை முழுவதும் குத்தரிசி. நகைகளின் படமோ பற்றுச்சீட்டோ இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்குக் காட்டப் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கமும் இல்லை, ஏனெனில் "விசா நேரத்தில் பொலிஸ் வீட்டுக்கு வரக் கூடாது" என்று அவர் கணவர் தடுத்துவிட்டார். நகைகளை இன்றே படமெடுத்து வையுங்கள். கைபேசியில் *#06# அழுத்தினால் வரும் அதன் அடையாள இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

உணவகங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது நான்கு ஆண்டுகள்வரை சிறைக்குரிய குற்றம். வேலைக் கத்தியை வேலையிடத்திலேயே விட்டு வாருங்கள். தற்காப்புக்கான மிளகுத் தெளிப்பானும் இங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொலிஸ் குழு ஒன்று உண்டு. அது எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதைக் குடியிருப்போர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் பேசி முடிவு செய்கிறார்கள். அக்காவின் வீடு உடைக்கப்பட்ட சில வாரங்களின் பின் அப்படியொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பதிவான முறைப்பாடுகளின் பட்டியலை ஓர் அதிகாரி வாசித்தார். சைக்கிள் திருட்டு இருந்தது, கடை முன்னால் கூச்சல் இருந்தது. எங்கள் தெருவின் பெயர் அதில் இல்லை.