வயல் பெயருக்கு வரலாறு தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய நிலம் ஒன்றின் பெயர் எப்படி வந்தது என்று தேடுகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் அர்த்தம் சொல்லிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. இன்று வாயில் வழங்கும் பெயர் தேய்ந்தும் திரிந்தும் வந்ததாக இருக்கலாம். பழைய வடிவம் கைக்கு வரும்வரை பொருள் சொல்லாமல் இருப்பதே நல்லது.

தஞ்சைப் பக்கம் ‘பத்து மா’ என்றொரு வயல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மாமரங்கள் நின்ற இடம் என்று யாராவது கதை கட்டிவிடுவார்கள். அந்தப் பகுதியில் மா என்பது நில அளவு: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பத்து மா என்றால் அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். மரத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமே இருக்காது. பள்ளிச்சந்தம் என்ற பெயரிலும் பள்ளிக்கூடத்தைத் தேடக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு, அதாவது அவர்களுடைய மடங்களுக்கும் கோயில்களுக்கும் விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும்.

அதற்காக, கல்வெட்டில் ஒரு பெயரைப் பார்த்ததும் ‘எங்கள் கொல்லைதான் இது’ என்று தாவிவிடவும் வேண்டாம். ஒரே பெயர் பத்து ஊர்களில் இருக்கும். நடுவிலுள்ள நூற்றாண்டுகளை இணைக்க ஏதாவது சான்று வேண்டும். இன்றைய பத்திரத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போவதுதான் நம்பகமான வழி.

பட்டாவோடு தேடலை நிறுத்துவது இன்னொரு தவறு. பட்டாவில் எண்தான் இருக்கும், வயலின் பெயர் இருக்காது. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். வேலையில் பல இடங்களில் உட்பிரிவு எண்களும் மாறின. அதனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் முதலில் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று ஓர் ஆண்டு வரைதான் பின்னால் போகும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரம். உங்கள் பத்திரத்தில் ‘நஞ்சை ஒன்றரை ஏக்கர்’ என்று மொட்டையாக எழுதியிருப்பார்கள். அவருடைய பத்திரத்தின் நான்கெல்லை விவரத்திலோ, ‘பூசாரி மானியத்துக்கு மேற்கு, இலுப்பைத் தோப்புக்குத் தெற்கு’ என்பதுபோல உங்கள் நிலத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். எல்லைக்காக எழுதிய பெயரில் யாரும் பெருமைக் கதை சேர்ப்பதில்லை என்பதால் இந்தச் சான்றுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பெயரில் மானியம் என்று வந்தால் அதிர்ஷ்டம்தான். 1858இல் சென்னை மாகாணத்தில் மானிய நிலங்களுக்காக அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், எந்த நிலம் எந்த ஊழியத்துக்காக விடப்பட்டது என்று விசாரித்துப் பதிவேடுகளில் எழுதி வைத்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவற்றைத் தேடலாம். அங்கே ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். திருநெல்வேலியையே ‘டின்னவேலி’ ஆக்கிய கைகள் அவை. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துதான் போட்டிருப்பார்கள். குழி, குளி, கூலி எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது விடையை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘இங்கே கோயில் இருந்ததாமே?’ என்றால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நிலத்துக்காரர்களிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். நடவு நட்ட பெண்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள், ஆடு மேய்த்தவர்கள் ஒவ்வொரு வரப்புக்கும் பெயர் வைத்திருப்பார்கள். சொன்னதைத் திருத்தாமல், அவர்கள் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். சாதிப் பெயர் கலந்திருக்கிறது, கேட்க நன்றாக இல்லை என்று குறிப்பில் மாற்றவும் வேண்டாம். அந்த நிலத்தில் யார் உழைத்தார்கள், யாருக்கு உரிமை இருந்தது என்பதற்குச் சில ஊர்களில் அந்தப் பெயரைத் தவிர வேறு தடயமே இருக்காது.