வைக்கோல் கட்டும் வேலைக்கு டிராக்டர்: புதுசா, பழசா?

ஈரோடு பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் நன்செய்த் தண்ணீர் ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து நாலு மாதம் ஓடுகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் நடுகிறார்கள், அதனால் மார்கழிக் கடைசியிலிருந்து தை முடிய எல்லோரும் ஒரே சமயத்தில்தான் அறுக்கிறார்கள். அறுவடை மிஷின் போட்டுவிட்டுப் போன வைக்கோலை வெயில் இருக்கும்போதே கட்டி எடுக்க வேண்டும். நடுவில் ஒரு மழை விழுந்தால் மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். டிராக்டர் புதுசா பழசா என்ற கேள்விக்கு நான் இந்த நாட்களை வைத்துத்தான் பதில் சொல்வேன். விலை அடுத்த கணக்கு.

வைக்கோல், சோளத்தட்டு, தீவனப் புல் இதெல்லாம் பேலர் (கட்டுப் போடும் இயந்திரம்) மாட்டிக் கட்டுவதற்கென்றே வண்டி பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில்: யாருடைய வைக்கோல்?

சொந்தக் கட்டுத்தறிக்கு மட்டும் என்றால் ஒரு நாள் வண்டி நின்றாலும் தலை போகாது. மெக்கானிக் வரும்வரை காத்திருக்கலாம். பழைய வண்டி தாராளமாகப் போதும்.

வாடகைக்குக் கட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. இன்று வருகிறேன் என்று நாலு தோட்டத்தில் சொல்லியிருப்பீர்கள். வண்டி நின்றால் அவர்கள் வேறு பேலர்காரரைக் கூப்பிடுவார்கள், அடுத்த வருஷமும் அவரையேதான் கூப்பிடுவார்கள். அதற்குப் புது வண்டி, அல்லது உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் கையிலிருந்து வரும் இரண்டு மூன்று வருஷ வண்டி.

இரண்டு மூன்று ஏக்கர்தான் என்றால் இரண்டுமே வேண்டாம். வாடகைக்குக் கட்டிக்கொள்ளுங்கள். உழவு மாதிரி மற்ற வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியை உழவன் செயலியிலேயே பதிந்து வாடகைக்கு எடுக்கலாம்.

எச்.பி.

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சின்ன உருளைக் கட்டு பேலருக்கு 35 எச்.பி.யே போதும் என்பார்கள். வயல் முழுசாகக் காயாமல் இருக்கும்போது அந்த வண்டி திணறும். நான் 42 முதல் 45 எச்.பி. என்றுதான் சொல்வேன். சதுரக் கட்டு பேலர் என்றால் 50 பக்கம் போய்விடுங்கள். எஞ்சின் எச்.பி. முழுதும் பி.டி.ஓ.வுக்கு (பேலரைச் சுற்ற வைக்க வண்டியின் பின்னால் நீட்டியிருக்கும் ஷாப்ட்) வராது, சுமார் 85 முதல் 90 சதவீதம்தான் வரும். கேட்டலாக்கில் 'பி.டி.ஓ. எச்.பி.' என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

கிளட்ச்: இங்கேதான் நிதானம் வேண்டும்

எனக்குப் புரிய நாளான விஷயம் இது. புரோக்கரும் சொல்ல மாட்டார், ஷோரூமிலும் கேட்டால்தான் சொல்வார்கள்.

உழவில் கிளட்சை மிதித்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பேலர் வேலையில் வண்டி நிற்க வேண்டும், பேலர் நிற்கக் கூடாது. உருளை பேலரின் வயிறு நிறைந்ததும் வண்டியை நிறுத்துகிறோம். உள்ளே கட்டு சுற்றிக்கொண்டே இருந்தால்தான் கயிறு அதன்மேல் சுற்றும். சுற்றி முடிந்த பிறகுதான் பின்கதவைத் திறந்து கட்டைத் தள்ள முடியும். சிங்கிள் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்த நொடியில் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். வாயில் பாதி நுழைந்த வைக்கோல் அப்படியே சிக்கும். நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி கிளட்சை விட்டால் சுமையோடு ஒரு உதை உதைத்துக் கிளம்பும். சுமை மீறினால் தானே அறுந்து பேலரைக் காப்பாற்றும் ஷியர் போல்ட் அறுந்தால் இறங்கி மாற்ற வேண்டும். சிங்கிள் கிளட்சில் முடியவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒருமுறை இந்தக் கூத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை.

இன்னொன்று, வரிசையில் ஒரு இடத்தில் வைக்கோல் குவிந்து கிடக்கும். டபுள் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பேலர் குவியலை விழுங்கி முடிக்கும், பிறகு மெல்ல விடலாம். நாள் முழுக்க இந்தப் பாதி மிதியில்தான் வேலை ஓடும்.

மாடல் பெயரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரே மாடல் சிங்கிள் கிளட்சிலும் வரும், டபுள் கிளட்சிலும் வரும். வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்:

பி.டி.ஓ.வைப் போட்டு, லோ முதல் கியரில் மெதுவாக நகர்த்துங்கள். பெடலைப் பாதி மிதியுங்கள். சக்கரம் நின்று, பின்னால் ஷாப்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் டபுள் கிளட்ச். அடிவரை மிதித்தால் ஷாப்ட்டும் நிற்க வேண்டும். அடிவரை மிதித்தும் அது சுற்றினால், பி.டி.ஓ.வுக்குத் தனி லீவரும் இருந்தால், அது இன்டிபென்டென்ட் பி.டி.ஓ. பேலருக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

இதை வெறும் ஷாப்ட்டில் செய்யாதீர்கள். சுமை இல்லாத ஷாப்ட், கிளட்ச் துண்டித்த பிறகும் உள்ளே ஆயிலின் இழுப்பிலேயே சும்மா சுற்றும். அதைக் காட்டி "பாருங்க, டபுள் கிளட்ச்தானுங்க" என்று வண்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ரொட்டோவேட்டரை (சுழல் கலப்பை) மாட்டி, தரையில் படாமல் தூக்கி வைத்து ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் யாரும் வேட்டி துண்டோடு நிற்க வேண்டாம்.

அதோடு கியரும். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே போக வேண்டும். பழைய எட்டு கியர் வண்டிகளில் லோ முதல் கியர் பெரும்பாலும் சமாளிக்கும். பன்னிரண்டு கியர் வண்டி கிடைத்தால் அடர்ந்த வைக்கோலில் கை விளையாடும். 540 எத்தனை எஞ்சின் சுற்றில் வருகிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். குறைந்த சுற்றில் வந்தால் டீசல் மிச்சம்.

புதுசு என்றால்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 7 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், முன்பு வரி 84,000, இப்போது 35,000. 49,000 ரூபாய் மிச்சம். இது பழைய வண்டி வாங்குகிறவருக்கும் உதவும். புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும். அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிற புரோக்கரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பேலருக்கும் வரி 5 சதவீதம்தான்.

50 எச்.பி.க்கு மேல் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் அந்த அளவு புது வண்டிகளுக்குப் புகை விதி கடுமையாகிவிட்டது. அதனால் டீசல் செலுத்துவதில் எலக்ட்ரானிக்ஸ் நுழைந்திருக்கிறது. பம்ப் கோளாறு என்றால் ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து தீர்த்துவிடுகிற காலம் அங்கே போய்விட்டது. 45 எச்.பி. போதும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானியம் புது இயந்திரத்துக்குத்தான். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதுவும் ஒரு உச்சவரம்புக்குள். வண்டியை எடுத்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், ஒப்புதல் வந்த பிறகு வாங்குங்கள்.

பழசு என்றால்

"ஏனுங்க, சிங்கிள் ஓனர்ங்க, தோட்டத்த விட்டு வெளிய போனதே இல்லீங்க" என்பார்கள். இருக்கலாம். நீங்கள் வண்டியைக் கேளுங்கள்.

போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை விடுகிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது.

ஹவர் மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். பழைய வண்டிகளில் கேபிளைக் கழற்றி விட்டால் மீட்டர் நின்றுவிடும். கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, மீட்டர் மட்டும் ஆயிரம் சொச்சம் காட்டினால் ரப்பர் சொல்வதுதான் நிஜம்.

பி.டி.ஓ. ஷாப்ட்டின் பற்களை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பல்லின் ஒரு பக்கத்தில் படி மாதிரி நகம் தட்டினால் அந்த வண்டி ரொட்டோவேட்டரிலேயே வாழ்ந்திருக்கிறது. ஷாப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்து, சீல் ஓரத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருந்தால் பேரிங் செலவு உண்டு.

அடுத்தது சேற்றுழவு. டெல்டா பக்கமிருந்தும் வண்டிகள் இங்கே விற்பனைக்கு வருகின்றன. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றில் கிடந்த வண்டியில் பின் அச்சு சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பின்பக்க ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் நடையைக் கட்டுங்கள். பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

ரொட்டோவேட்டரைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். அது அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தால் ஹைட்ராலிக் வேலை வைக்கும்.

எந்த வண்டி என்று கேட்டால், மாஸே 241, மஹிந்திரா 575, ஸ்வராஜ் 744 இந்த மூன்றுக்குள்தான் நான் தேடுவேன். இதைவிட நல்ல வண்டிகள் இருக்கலாம். தைமாசம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெருந்துறையிலோ காங்கேயத்திலோ உதிரி பாகம் கிடைக்குமா என்பதுதான் என் அளவுகோல். விலைக்கு மேல் ஒரு ஐம்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கிளட்ச், சீல், பேட்டரி, டயர் என்று அது எப்படியும் போகும்.

கையில் இருப்பதில் வண்டியும் பேலரும் இரண்டும் வாங்க வேண்டும் என்றால் வண்டியைப் பழசாகவும் பேலரைப் புதுசாகவும் எடுங்கள். பழைய பேலரில் கயிறு கட்டும் பாகம் தேய்ந்திருந்தால் கட்டு அவிழ்ந்துகொண்டே இருக்கும்.

காகிதம்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வராமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் பதிவு புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வெள்ளகோவில் பக்கமிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நல்ல டபுள் கிளட்ச் வண்டியாகவே பார்த்து எடுத்தாராம், பேலரை மாட்டினால் பின்கதவு திறக்கவில்லை. நான் எழுதாமல் விட்ட விஷயம். பெரும்பாலான உருளை பேலர்களுக்குக் கதவு திறக்க டிராக்டரிலிருந்து ஹைட்ராலிக் ஆயில் வெளியே வர வேண்டும். அதற்கான வால்வு பல பழைய வண்டிகளில் இருக்காது. வெளியில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தச் செலவையும் விலை பேசும்போதே கழியுங்கள். புது வண்டியில் டெலிவரிக்கு முன்பே போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சோளத்தட்டைக் கட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நெருக்கி விதைத்த மெல்லிய தட்டு, கணு வரை நன்றாகக் காய்ந்திருந்தால் கட்டலாம். ஒரு தட்டை முறுக்கிப் பாருங்கள். கையில் ஈரம் தெரிந்தால் இன்னும் காய விடுங்கள். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். கட்டைவிரல் தடிமன் தட்டை சின்ன பேலரில் திணிக்காதீர்கள். அதை ஆள் வைத்துக் கட்டிப் போர் போடுவதே நல்லது.