எம்.ஆர்.ஐ. ஸ்கேனா? முதலில் ஊக்கைக் கழற்றுங்கள்

தாலிச் சங்கிலியில் மாட்டி வைத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் அந்த மெஷினின் காந்தம் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) மெஷின் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. பேஸ்மேக்கர், ஆபரேஷனில் உள்ளே வைத்த கிளிப் எது உடம்பில் இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே கதிர் கிடையாது. உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் ரேடியோ சிக்னலை வைத்துத்தான் படம். டமடமவென்று கேட்கும் சத்தம் மெஷினுக்குள் இருக்கும் காயில்கள் (கம்பிச்சுருள்கள்) அதிர்வதால் வருவது, காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறுகலான இடம் பயமென்றால் உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிவிடுவது நல்லது. அப்புறம், கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், முடியவில்லை என்றால் அதை அமுக்கி வெளியே இருப்பவர்களைக் கூப்பிடலாம். அசைந்தால் மட்டும் படம் கலங்கிவிடும், மறுபடி எடுப்பார்கள்.