டார்ச் லைட்டுக்கு டிஃப்யூசர், ஃபில்டர், மூடி: முதல்முறை பொருத்துபவர்களுக்கு

டார்ச் வாங்கப் போனால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு தூரம் அடிக்கும்? கடைக்காரரும் எதிர்ப்புறக் கட்டடத்தின் மாடியில் அடித்துக் காட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகு அதே டார்ச்சை நாம் எடுப்பது பெரும்பாலும் மூன்றடி தூரத்து வேலைக்குத்தான். மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் பார்க்க, ஸ்கூட்டருக்கு அடியில் விழுந்த சாவியைத் தேட, கரண்ட் போன நேரத்தில் சாப்பாடு பரிமாற. அங்கே நடுவில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வட்டம், சுற்றிலும் இருட்டு. இதற்காக இன்னொரு டார்ச் வாங்க வேண்டியதில்லை. இருப்பதன் முன்னால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பொருத்தினால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னால் எதைப் பொருத்தினாலும் அது வெளிச்சத்தைக் கூட்டாது. இருப்பதில் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைத்தான் வெளியே விடும். டிஃப்யூசர், அதாவது ஒளியைச் சிதறவைத்து அகலமாக்கும் மங்கலான துண்டு, தூரத்தை எடுத்துக்கொள்ளும். கலர் ஃபில்டர் சில நிறங்களை எடுத்துக்கொள்ளும். வெறும் கண்ணாடிகூடச் சும்மா இருக்காது: பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்தால் 8 சதவீதம். ஆகவே எதை இழந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

படி 1: டார்ச்சின் தலையை அளக்கவும்

மாட்டும் வகை டிஃப்யூசரும் ஃபில்டரும் டார்ச் தலையின் வெளிவிட்டத்தை வைத்துத்தான் விற்கப்படுகின்றன. நைட்கோர் என்ற டார்ச் நிறுவனத்தின் ஃபில்டர்கள் 25, 34, 40 மில்லிமீட்டர் போன்ற அளவுகளில் வருகின்றன. அளவு கொஞ்சம் தவறினாலும் ஒன்று மாட்டாது, இல்லை கழன்று விழும். வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால் தலையைச் சுற்றி ஒரு நூலை இறுக்கிப் பிடித்து, நூலின் நீளத்தை 3.14-ஆல் வகுக்கவும். நூல் 80 மி.மீ. வந்தால் விட்டம் கிட்டத்தட்ட 25.5 மி.மீ. ஒட்டும் ஷீட் என்றால் வெளிவிட்டம் உதவாது. கண்ணாடி தெரிகிற உள்வட்டத்தை அளக்க வேண்டும்.

அளக்கும்போதே கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். ஊதா நிறம் மின்னினால் அதில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் மட்டும் துடைக்கவும்.

படி 2: டிஃப்யூசரிலிருந்து தொடங்கவும்

புதிதாக இறங்குபவர்கள் பலர் சிவப்பு ஃபில்டரைத்தான் முதலில் தேடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்பதால். நான் டிஃப்யூசரைத்தான் முதலில் சொல்வேன். அன்றாடம் பயன்படப்போவது அதுதான்.

அது எவ்வளவு தூரத்தைக் குறைக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. டார்ச் பெட்டியில் கேண்டெலா என்று ஓர் எண் இருக்கும், ஒளிக்கற்றையின் நடுச்செறிவைச் சொல்வது. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் பெட்டியில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு, பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கு 0.25-ஆகக் குறையும் இடம் அது. 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். டிஃப்யூசர் போட்டு அது 400 கேண்டெலாவாக இறங்கினால் 40 மீட்டர். அந்த மூன்றடி வேலைக்கு இதுவே தாராளம்.

கையால் செய்வது இப்படி. குளியலறை ஜன்னலுக்கு ஒட்டும் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒரு சின்னத் துண்டு வேண்டும். வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கேட்டால் கழிவுத் துண்டாகவே கிடைத்துவிடும். டார்ச் ஆர்வலர்கள் பல நாடுகளில் இதே வேலைக்கு டி-சி-ஃபிக்ஸ் என்ற ஜெர்மன் ஜன்னல் ஸ்டிக்கரைப் பயன்படுத்துகிறார்கள். சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அளந்த உள்வட்டத்துக்குப் பொருந்தும் நாணயம் ஒன்றைத் தேடி எடுங்கள். 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ., அதைவிடச் சிறிய வட்டத்துக்கு மற்ற நாணயங்களை அளந்து பார்க்கலாம். ஸ்டிக்கரின் பின்பக்கத் தாளில் நாணயத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு சின்ன வால் விட்டு வெட்டவும். பிறகு கழற்ற அந்த வால்தான் கைப்பிடி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரை லேசாகத் தொட்டுத் தடவுங்கள். தண்ணீர் இருந்தால் ஸ்டிக்கர் உடனே பிடித்துக்கொள்ளாது, நகர்த்தி நடுவில் வைக்கலாம். அப்புறம் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பில் துணியைச் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிவிடவும். காயும் வரை எரிய விட வேண்டாம்.

சரி, வேலை செய்கிறதா? ஒரு மீட்டர் தள்ளி நின்று வெள்ளைச் சுவரில் அடியுங்கள். நடுவிலிருந்த கூர்மையான புள்ளி கரைந்து, ஓரம் தெரியாத பெரிய வட்டம் வர வேண்டும். புள்ளி இன்னும் தெரிந்தால் இரண்டாவது அடுக்கு ஒட்டலாம், மூன்றாவது வேண்டாம். அவசரத்துக்கு ட்ரேசிங் பேப்பரை ரப்பர் பேண்ட் போட்டும் மாட்டலாம். பிரகாசமான டார்ச்சில் மட்டும் கூடாது, காரணம் கடைசியில் வருகிறது.

இங்கே பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஸ்டிக்கர் ஒளியைப் பரப்பும், ஆனால் நிழலை மென்மையாக்காது. வெளிச்சம் வரும் வட்டம் இன்னும் அதே 25 மி.மீ.தான், அதனால் நிழல்கள் கத்தி போலவே விழும். சாப்பாட்டு மேசைக்கோ, முகத்தைப் படம் எடுக்கவோ வெளிச்சம் வரும் பரப்பே பெரிதாக வேண்டும். அதற்கு வெள்ளைக் கூம்பு வடிவ டிஃப்யூசர் மாட்டலாம். பால் நிறப் பிளாஸ்டிக் கேனுக்கு அடியிலிருந்து அடிக்கலாம். அல்லது டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் அடிக்கலாம். கடைசியதற்குக் காசே ஆகாது. ஒற்றை அறைக்கு அதை மிஞ்சும் டிஃப்யூசரும் கிடையாது.

படி 3: சிவப்பு ஃபில்டர், உண்மையிலேயே தேவைப்பட்டால்

இருட்டில் பார்க்க உதவுபவை விழித்திரையின் கோல் செல்கள். அவை 507 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளிக்குத்தான் அதிகம் துடிக்கும். ஆழ்ந்த சிவப்பை அநேகமாகக் கண்டுகொள்ளாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வெள்ளை டார்ச்சை ஒருமுறை கண்ணுக்கு நேரே காட்டினால் அத்தனையும் போய்விடும். நட்சத்திரம் பார்ப்பவர்கள் சிவப்பு ஒளி வைத்திருப்பது இதனால்தான்.

ஆனால் நாம் வைத்திருக்கும் வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு குறைவு. அதற்குள் இருப்பது 450 நானோமீட்டர் அளவில் ஒளிரும் நீலச் சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இதன் முன்னால் சிவப்பைப் போட்டால் பெரும்பகுதி வடிகட்டப்பட்டு, கொஞ்சம் மட்டும் வெளியே வரும். வெள்ளையின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள்: டியூப்லைட் போன்ற 6500 கெல்வின் டார்ச்சைவிட, மஞ்சள் கலந்த 4000 கெல்வின் டார்ச்சில் சிவப்பு நன்றாக வரும். அடிக்கடி சிவப்பு தேவை என்றால், தனியாகச் சிவப்பு எல்.இ.டி. உள்ள ஹெட்லேம்ப் வாங்குவதே லாபம்.

கடையில் கிடைக்கும் சிவப்புக் கண்ணாடித்தாளை நம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் டார்ச்சை அடித்து, சாய்த்துப் பார்த்தால் ஒளி வானவில்லாகப் பிரியும். இப்போது தாளை டார்ச்சின் முன் வையுங்கள். சிவப்பு தவிரப் பச்சையோ நீலமோ தெரிந்தால் அந்தத் தாள் கசிகிறது. இரண்டாக மடித்துப் பாருங்கள். சினிமா, மேடை விளக்குகளுக்கான லீ நிறுவனத்தின் 106 ப்ரைமரி ரெட் ஷீட் இந்த வேலைக்குப் பேர்போனது, வெப்பத்தையும் தாங்கும்.

சிவப்பு என்றாலே கண்ணுக்கு நல்லது என்று நினைத்து முழு வேகத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கூசும் அளவுக்குச் சிவப்பு அடித்தாலும் கண் இருட்டை மறந்துவிடும். என்னைக் கேட்டால், மிக மங்கலான வெள்ளை பல நேரம் பளிச்சென்ற சிவப்பைவிட மேல். சிவப்பில் சிவப்பு மையும் மறைந்துவிடும்: வரைபடத்தில் சிவப்புச் சாலைக் கோடுகள் வெள்ளைத் தாளோடு கரைந்துபோகும்.

வரப்பிலும் தோட்டத்திலும் நடக்கச் சிவப்பு ஃபில்டரை மாட்டவே மாட்டாதீர்கள். நிற வேறுபாடு முழுதும் அழிந்த வெளிச்சத்தில் சருகுக்குள் கிடக்கும் கண்ணாடி விரியனைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டுவிரியன் நடமாடுவதும் இரவில்தான். அங்கே தேவை வெள்ளை வெளிச்சம், டிஃப்யூசர் போட்டு, காலடியில் அகலமாக.

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளுக்காக 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று நடத்திவரும் இரவு நடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டையிட வரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடலாம். குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துவிடும். சிவப்பு போன்ற நீண்ட அலை ஒளி அவற்றை அவ்வளவாகக் குழப்பாது. ஆனாலும் சிவப்பு ஃபில்டர் இருக்கிறதே என்று நீங்களாக அடிக்கக் கூடாது. கூட்டிப்போகும் தன்னார்வலர் சொன்னால் மட்டும்.

படி 4: மற்ற நிறங்கள்

ஆரஞ்சு மஞ்சள் ஃபில்டர் நீலத்தை வெட்டிவிடும். பூச்சிகளை அதிகம் இழுப்பது புற ஊதாவும் நீலமும் என்பதால், ஈசல் பறக்கும் மழைக்கால இரவில் வாசலில் வைக்கும் டார்ச்சுக்கு இது உதவும். முழுதாக நிறுத்தாது. பச்சையும் நீலமும் அலங்காரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று சுவாரசியமானது. புற ஊதா டார்ச்சுக்குக் கறுப்பாகத் தெரியும் இசட்-டபிள்யூ-பி-2 என்ற கண்ணாடி ஃபில்டர் போடுவார்கள். 365 நானோமீட்டர் டார்ச்சிலிருந்து கூடவே கசியும் வெள்ளையை அது நிறுத்துகிறது. அப்புறம் தோட்டத்துச் சுவரில் அடித்தால் தேள் பச்சைநீலமாக ஒளிரும். ரூபாய் நோட்டின் எண்ணும் இழைகளும் மின்னும். ஃபில்டர் போட்ட பிறகு ஒளி மங்கலாகத் தெரிவதால் பாதுகாப்பானது என்று தோன்றும். புற ஊதா அப்படியே வருகிறது. யார் கண்ணுக்கும் நேரே காட்டாதீர்கள், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

படி 5: மூடியும் வெப்பமும்

லென்ஸ் மூடி இரண்டு வகை. தெளிந்த மூடி கண்ணாடியில் கீறல் விழாமல் காக்கும். பட்டறையில் வெல்டிங் பொறி தெறிக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு அவசியம், மற்றவர்களுக்கு அந்த 8 சதவீதம் வீண். கறுப்பு மூடி, பையில் தவறி எரிந்தால் வெளிச்சம் வெளியே வராமல் தடுப்பது. ஆபத்து இந்த இரண்டாவதில்தான்.

எல்.இ.டி. ஒளி குளிர்ச்சியாகத் தெரிந்தாலும், ஆயிரம் லூமென் ஒளியைக் கறுப்பு ரப்பர் நெருக்கத்தில் உறிஞ்சினால் அது வெப்பமாகத்தான் மாறும். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். பாலிகார்பனேட் 145 வரை தாங்கும். காகிதம் கருகும். ஆகவே ஃபில்டரோ கறுப்பு மூடியோ மாட்டிய டார்ச்சை டர்போவில், அதாவது உச்ச வெளிச்சத்தில், எரிக்காதீர்கள். புதிதாக ஒன்றைப் பொருத்தியதும் நடு வேகத்தில் ஐந்து நிமிடம் எரியவிட்டு, மேலே புறங்கையை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பொருள் அந்த டார்ச்சுக்கு ஆகாது.

பையில் போடும்போது மூடியை மட்டும் நம்பவும் வேண்டாம். பல டார்ச்சுகளில் பின்பக்க மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் மின்சுற்று துண்டாகிவிடும். தளர்த்திவிட்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். எரியவில்லை என்றால் அப்படியே பையில் போடலாம்.